எழுபத்தைந்தாவது நிமிடத்துச் சீட்டு

பினாங்கில் நடந்த அந்தப் போட்டிக்கு எட்டு நாடுகளிலிருந்து எட்டு மகளிர் கால்பந்துச் சங்கங்கள் வந்திருந்தன. வென்ற அணிக்குக் கோப்பை. மிகக் குறைவாக மஞ்சள் அட்டை வாங்கிய அணிக்கு நேர்மைக் கேடயம். அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி. இவற்றுக்கெல்லாம் எண்ணத் தெரிந்தால் போதும்.

தங்கப் பந்து மட்டும் அப்படியில்லை. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று மூன்று பேர் எல்லா ஆட்டங்களையும் பார்த்து, ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தர வேண்டும்.

மூவரில் ஒருவர் நேபாளத்துக்காரர். இன்னொருவர் சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த சுகந்தி. இதற்கு முன் ஏழு போட்டிகளில் சீட்டு எழுதியவர். மூன்றாமவர் ததேயுஸ். குமரிக் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அவருக்கு இதுதான் முதல் தடவை.

ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோரும் ததேயுஸை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே அவர் மாணவர். புதிதாக வருபவர் அனுபவம் உள்ளவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சீட்டை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டக் கூடாது.

சுகந்தி அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

முதல் நாள், ஹனோய் அணியின் ஆட்டம் தொடங்குவதற்கு முன் ததேயுஸ் கேட்டார்.

“மேடம், இத்தனை பேருல சிறந்தவங்க யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?”

சுகந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சீட்டு எழுதுபவர்களுக்கான கண்ணாடி அறையிலிருந்து இறங்கி, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த முதல் வரிசைக்கு அவரை அழைத்துப் போனார்.

“உட்காருங்க சார். இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க.”

“நான் பார்க்கதுக்குத்தானே வந்தேன்?”

“பார்க்கத்தான் போறீங்க. மூடுங்க.”

ததேயுஸ் கண்ணை மூடினார். கூட்டம் அதிகமில்லை. பந்து உதைபடும் ஓசையும் ஆட்டக்காரர்களின் கூவலும் தெளிவாகக் கேட்டன.

“என்ன கேக்குது?” என்றார் சுகந்தி.

“சத்தம் கேக்கு. எனக்கு வியட்நாம் பாஷை தெரியாதுல்லா.”

“பேருமா தெரியாது?”

ததேயுஸ் மறுபடி கேட்டார். சற்று நேரம் போயிற்று.

“லிண், லிண்ணு கூப்பிடுதாங்க.”

“எப்போ கூப்பிடறாங்க?”

“கூப்பிடுதவங்க கால்ல பந்து விழுந்ததும். சுத்தி ஆள் நெருங்குது போல. குரல்லயே பதட்டம் தெரியுது.”

“கண்ணைத் திறந்து யாருன்னு பாருங்க.”

ஆறாம் எண் சட்டை. குட்டையான பெண். நெற்றியில் துணிப்பட்டை கட்டியிருந்தார். கோல் அடிக்கவில்லை, அடிக்கப் போகவும் இல்லை. தோழி ஒருத்தி சிக்கிக்கொண்டால் நான்கு அடி தள்ளி வந்து நின்றார். பந்தை வாங்கினார், கொடுத்தார், மறுபடி நடுவில் போய் நின்றார். படக்கருவிகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ததேயுஸ் ஊரிலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட நோட்டைப் பிரித்தார். இருபத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடு எடுத்த கை அது. யாராவது லிண்ணைக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் சட்டை எண்ணைக் குறித்துக்கொண்டார். மற்றவர்களைக் கூப்பிட்டாலும் குறித்தார். இரண்டு வாரமும் எல்லா ஆட்டத்திலும், எல்லா அணிக்கும் இப்படியே எழுதினார்.

கேட்டதோடு பார்க்கவும் செய்தார். தாஷ்கண்ட் அணியின் தில்னோசாவைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. நெடிய பெண், முன்வரிசை ஆட்டக்காரி. ஓடும்போது காலடியில் புல் மடங்குகிறதா என்று சந்தேகம் வரும். அரையிறுதியில் மூன்று பேரை ஏமாற்றி இடது காலால் ஒரு கோல் அடித்தார். அது அவருடைய ஏழாவது கோல். ததேயுஸ் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்.

சுகந்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சார், நாம சீட்டு எழுதறவங்க. தட்டக் கூடாது.”

“அது தானா தட்டிப்போச்சு மேடம்.”

“அப்போ பாக்கெட்ல வெச்சுக்கோங்க.”

அதிலிருந்து எழுதாத நேரமெல்லாம் அவர் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டம் ஹனோய்க்கும் தாஷ்கண்டுக்கும். மாலையில் மழை தூறி நின்றிருந்தது. அன்று அரங்கம் நிரம்பி வழிந்தாலும், முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு ஆட்டக்காரர்களின் குரல் கேட்டது.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிவதற்குள்ளேயே, எழுபத்தைந்தாவது நிமிடத்தில், சீட்டுகளை வாங்கிவிடுவார்கள். பரிசளிப்புக்கு முன் பித்தளைத் தகட்டில் பெயரைப் பொறிக்க வேண்டும். பொறிப்பவர் ஒரு சீன முதியவர். பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே சிறிய இயந்திரத்துடன் உட்கார்ந்திருப்பார்.

எழுபத்தைந்தாவது நிமிடத்தில் யாரும் கோல் அடித்திருக்கவில்லை. போட்டிக் குழுவைச் சேர்ந்த கமலேஸ்வரி பெட்டியோடு வந்தார். பினாங்குக்காரர்.

ததேயுஸ் தன் சீட்டை மடியில் மறைத்து எழுதினார். லிண், ஆறாம் எண். நான்காக மடித்தார். மறுபடி பிரித்து எண்ணைச் சரிபார்த்து மடித்துப் பெட்டியில் போட்டார்.

“பரீட்சை எழுதற பையன் மாதிரி இருக்கீங்க,” என்றார் கமலேஸ்வரி.

“அந்தப் பையனுக்காவது மார்க்கு நான் போடுவேன். எனக்கு யார் போடுவா?”

எண்பத்தெட்டாவது நிமிடம். ஹனோய் அணியின் கோல்கீப்பர், லிண் என்று கூவினார். பந்து லிண்ணிடம் இருந்தது. அவர் திரும்பி கோல்கீப்பருக்குத் தட்டிவிட்டார். தட்டியதில் வலு இல்லை. பந்து பாதி தூரத்தில் நின்றது. தில்னோசா ஓடி வந்து அதை எடுத்து வலைக்குள் அனுப்பினார்.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. கோப்பை தாஷ்கண்டுக்குப் போயிற்று. லிண் நடு மைதானத்தில் உட்கார்ந்து சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கமலேஸ்வரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சீட்டு எண்ணியாச்சு. ரெண்டு லிண்ணுக்கு, ஒண்ணு தில்னோசாவுக்கு. ஆபீஸ்ல எல்லாரும் தலையில கைய வெச்சிட்டு நிக்கிறாங்க. கோப்பையைத் தூக்கிக் குடுத்தவங்களுக்கே தங்கப் பந்தான்னு கேக்கிறாங்க. தகடு இன்னும் ஒட்டலை. சீட்டை மாத்தணும்னா மாத்தலாம், விதியில இடம் இருக்கு. பத்து நிமிசம்தான்.”

புதுச் சீட்டுகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, நான்கு அடி தள்ளிப் போய் நின்றார்.

தில்னோசாவுக்குப் போட்டது நேபாளத்துக்காரர்தான் என்று ததேயுஸ் நினைத்துக்கொண்டார். தானும் மேடமும் ஒரே காதால் கேட்டவர்கள் அல்லவா. தன் சீட்டு ஒன்று மாறினால் போதும், எல்லாம் மாறிவிடும் என்பதும் தெரிந்தது.

“மேடம், பள்ளிக்கூடத்துல பிள்ளையெல்லாம் போன்ல பார்த்திட்டு இருக்கும். மாஸ்டர் முதல் தடவையே இப்படிப் போட்டாரேன்னு சிரிப்பாங்க.”

ததேயுஸ் நடு மைதானத்தைக் காட்டினார்.

“அதுகூடப் பரவாயில்ல. அந்தப் பிள்ளையைப் பாருங்க. முகத்தையே காட்டமாட்டேங்கு. இப்போ மேடையில ஏத்தி நிறுத்தினா இருவதாயிரம் பேரு கூச்சல் போடுவாங்க. அது பரிசா, தண்டனையா? நான் என்ன செய்யட்டும்? சீட்டை மாத்தட்டா, வேண்டாமா?”

“நோட்டை எடுங்க சார்.”

எடுத்தார்.

“இன்னைக்கு ஆட்டம். லிண் பக்கம். எண்பத்தெட்டுக்கு அப்புறம் ஏதாவது எழுதியிருக்கீங்களா?”

“கோல் விழுந்ததுக்கு அப்புறமா? நான் எங்க எழுதினேன்? எனக்கு உசிரே போயிட்டு.”

“பாருங்க.”

பார்த்தார். எழுதியிருந்தார். மனம் எங்கோ இருந்தபோதும் கை தன் வேலையைச் செய்திருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் அவருடையதுதான்.

“படிங்க. சத்தமா.”

ததேயுஸ் வகுப்பில் வருகை எடுப்பது போலப் படித்தார்.

“ஒண்ணு. நாலு. ஒம்பது. ஒண்ணு. பதினொண்ணு. நாலு.”

“எத்தனை நிமிஷத்துல?”

“ஆறு நிமிஷம்.”

“கோல் விழுந்ததும் முதல்ல யாரு கூப்பிட்டது?”

“ஒண்ணு.”

“ஒண்ணு யாரு?”

ததேயுஸ் மைதானத்தைப் பார்த்தார். ஒன்றாம் எண், கோல்கீப்பர். லிண் தட்டிய பந்து போய்ச் சேராதது அவரிடம்தான்.

அவர் நோட்டை மூடினார். பெஞ்சில் இருந்த புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, எழுதாமலே கமலேஸ்வரியிடம் நீட்டினார்.

“என் சீட்டு பெட்டியில இருக்கது மாதிரியே இருக்கட்டும்மா.”

“நல்லா யோசிச்சிட்டீங்களா?”

“யோசிக்கல. படிச்சேன்.”

கமலேஸ்வரி சுகந்தியைப் பார்த்தார். சுகந்தியும் தன் புதுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி அறையில் இருந்த நேபாளத்துக்காரரும் மாற்றவில்லை என்று கம்பியில்லாக் கருவியில் செய்தி வந்தது. படிக்கட்டுக்குக் கீழே முதியவர் தகட்டை ஒட்டினார்.

பரிசளிப்பு தொடங்கியது. நேர்மைக் கேடயம் ஹனோய் அணிக்கு. தங்கக் காலணி எட்டு கோல் அடித்த தில்னோசாவுக்கு. அரங்கம் அதிர்ந்தது. பிறகு தங்கப் பந்துக்கு லிண் பெயரை வாசித்தார்கள்.

ததேயுஸ் பயந்தபடியே கூச்சல் எழுந்தது. எல்லாப் பக்கமிருந்தும் இல்லை, ஆனால் கேட்கும்படி இருந்தது. லிண் எழுந்திருக்கவில்லை. தன் பெயர்தானா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கோல்கீப்பர். கையுறையைக் கழற்றாமலே லிண்ணின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். லிண் நடந்தார். நான்காம் எண், ஒன்பதாம் எண், பதினோராம் எண் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். ஒருவருக்கான பரிசை வாங்க ஒரு அணியே மேடைப் படி வரைக்கும் போயிற்று.

மேடையில் நின்ற தில்னோசா தங்கக் காலணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் கைதட்டினார். தாஷ்கண்ட் அணி முழுவதும் தட்டியது. கூச்சல் எப்போது நின்றது என்று ததேயுஸுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் சுகந்தியும் தட்டிக்கொண்டிருந்தார். ததேயுஸின் கை இன்னும் பைக்குள் இருந்தது.

“இப்போ எடுக்கலாம் சார். நம்ம வேலை முடிஞ்சது.”

ததேயுஸ் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்று சீட்டுகளையும் பத்திரிகையாளர் அறைப் பலகையில் குத்தி வைத்தார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று எல்லோரும் பார்க்கலாம். ததேயுஸ் தன் கையெழுத்தைப் பார்க்கப் போனார்.

நேபாளத்துக்காரரின் சீட்டு. லிண், ஆறாம் எண்.

அவருடைய சீட்டு. லிண், ஆறாம் எண்.

மூன்றாவது சீட்டில் எழுத்து குண்டுகுண்டாக, நிதானமாக இருந்தது. தில்னோசா, பத்தாம் எண். கீழே சுகந்தியின் கையெழுத்து.

ததேயுஸ் மூன்றாவது சீட்டை இரண்டு தடவை படித்தார். திரும்பினார். சுகந்தி வாசலில் நின்று காகிதக் கோப்பையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மேடம், நீங்க தில்னோசாவுக்கா போட்டீங்க?”

“ஆமா சார். சீட்டு எழுதும்போதே ஏழு கோல். இந்த மாதிரி ஒரு ஆட்டக்காரியை நான் பார்த்ததில்ல.”

“நான் மாத்தியிருந்தா உங்க ஆளுதானே ஜெயிச்சிருப்பாங்க?”

“ஆமா.”

“மாத்துங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் மாத்தியிருப்பேனே. பிறகு எதுக்கு அந்த நோட்டை எடுக்கச் சொன்னீங்க?”

சுகந்தி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“நீங்க உங்க சீட்டைப் பத்தித்தானே சார் கேட்டீங்க?”