ஆளுக்கொரு சொல்லும் பள்ளத்து எருமையும்

அன்று பள்ளத்தருகே கூடியிருந்தவர்கள்: எருமைக்குச் சொந்தக்காரன் கொம்பையா, அவன் பங்காளிகள் வெயிலான், ஒச்சப்பன், சின்னாண்டி, பூவலிங்கம். ஆக ஐந்து பேர். எருமை அந்தக் கணக்கில் இல்லை. அது பள்ளத்துக்குள் கழுத்தளவு சேற்றில் நின்றது.

"எருமையில்லாம வாசப்படி மிதிச்சே, சோறு கிடையாது" என்று கொம்பையாவின் பெண்டாட்டி சொல்லியனுப்பியிருந்தாள்.

நல்லவேளை, ஒரு ஜீப் வந்து நின்றது. வடக்கத்தி எஞ்சினியர், தமிழ் தெரியாது. ஐவரும் அசரவில்லை. இங்கிலீஷ் டுடோரியல் வாத்தியார் ஒரு மாதம் தலையில் அடித்துக்கொண்டு, கடைசியில், "ஆளுக்கு ஒரு சொல்லாவது ஒழுங்காப் படிச்சுத் தொலைங்கடா!" என்றிருந்தார். அப்படியே படித்திருந்தார்கள். 'பஃபலோ' என்ற பெயர்ச்சொல் கொம்பையாவுக்கு. 'பிளாக்' என்ற பெயரடை வெயிலானுக்கு. மற்ற மூவருக்கும் வினைச்சொல்: ஒச்சப்பனுக்கு 'லிஃப்ட்', சின்னாண்டிக்கு 'ரெய்ஸ்', பூவலிங்கத்துக்கு 'டிராக்'. அடுத்தவன் சொல்லை வாயில் எடுப்பது திருட்டு.

"பிளாக்" என்றான் வெயிலான்.

"பஃபலோ" என்றான் கொம்பையா.

எஞ்சினியர் காத்திருந்தார்.

"தூக்கறதுன்னா என் சொல்லு" என்றான் ஒச்சப்பன்.

"சினை எருமைடா. உசத்தறதுதான் மரியாதை" என்றான் சின்னாண்டி.

"சேத்துல கிடக்கறதை எப்படிடா உசத்துவே? இழுக்கணும்" என்றான் பூவலிங்கம்.

"மூணும் ஒண்ணு மாதிரி இருக்கும், இடம் பார்த்துச் சொல்லணும்னாரே வாத்தியார்" என்றான் வெயிலான்.

மூவரும் இடம் பார்க்கப் பள்ளத்தைச் சுற்றிப் போனார்கள். பூவலிங்கம் வேட்டியை அவிழ்த்து அகலம் அளந்தான்.

அதற்குள் எஞ்சினியர் சங்கிலியை மாட்டி, ஜீப்பைக் கிளப்பி, எருமையைக் கரையில் கொண்டுவந்து விட்டார். கொம்பையா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"எந்தச் சொல்லுக்கு வந்துச்சு?" என்று திரும்பி வந்த ஒச்சப்பன் கேட்டான்.

"எதுக்கும் இல்லை. சும்மா வந்துச்சு" என்றான் கொம்பையா.

"வினைச்சொல் இல்லாம ஒரு காரியமும் நடக்காதுன்னு வாத்தியார் சொன்னாரா இல்லையா? அப்ப இது இன்னும் வரலை."

கொம்பையா எருமையைப் பார்த்தான். வந்த மாதிரிதான் இருந்தது.

"வராத எருமையை ஓட்டிட்டுப் போனா உன் பெண்டாட்டி சும்மா விடுவாளா?" என்றான் சின்னாண்டி.

கொம்பையா எருமையைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினான். "சரிடா, முறையாவே செய்வோம்."

ஐவரும் மூச்சைப் பிடித்து எருமையைப் பள்ளத்துக்குள் தள்ளினார்கள். எருமை ஓரடி விலகிக்கொண்டது; ஐவரும் பள்ளத்துக்குள் போனார்கள்.

மேலே ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது.

"கூப்பிடுடா! மனுசனுக்கு எவன்கிட்ட சொல்லு இருக்கு?"

எவனிடமும் இல்லை.

"போகட்டும்" என்றான் கொம்பையா, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு. "இந்த ஒரு தடவை நாம எருமைன்னு வச்சுக்குவோம்."

"பிளாக்!"

"பஃபலோ!"

எஞ்சினியர் ஜீப்பிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். கறுப்பெருமை கரையில் சௌக்கியமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷமாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கரையில் நின்ற ஒன்றைக் கழித்தால், பள்ளத்தில் மீதி எருமை ஐந்து.