தனிக்கட்டைக்கு ஓர் ஊர்

திரவியத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்களே அலுத்து விட்டுவிட்டார்கள். ஐம்பது தாண்டிய ஆள். பட்டணத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் காலம் ஓடியது. அண்ணன் மகனுக்குப் பெண் அமைந்தது. புதுப்பெண்ணுக்கு அறை வேண்டும்.

"ஆவணிக்குள்ள ஒரு இடம் பாத்துக்கடா" என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாது. சின்ன ஊராகத் தேடினார். வாடகை கம்மியாக இருக்க வேண்டும். தெருவில் இறங்கினால் நாலு பேர் பேச வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. ஓர் ஊரில் பேச்சுத்துணைக்கு ஒரு காக்காய்கூட இல்லை. இன்னோர் ஊரில் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள்: "பேமிலி இல்லையா? அப்ப வீடு இல்லைங்க."

ஒருவழியாக ஓர் இடம் தகைந்ததும் குருவிடம் ஓடினார். குரு நாச்சியார் அவரைவிட வயதில் சின்னவள். மலையடி மடத்தில் தனியாக இருப்பவள்.

"ஊர் கிடைச்சிடுச்சும்மா! செம்மண்பேட்டை. டீக்கடையில உட்கார்ந்த உடனே சொந்த ஊர், சம்பளம், சுகர் எல்லாத்தையும் விசாரிச்சுட்டாங்க."

"பிறகென்ன?"

"பயமா இருக்கு. அங்க போனா நான் அநாதையா சாகாம இருப்பேனாம்மா?"

நாச்சியார் செருப்பை மாட்டினாள். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

பஸ் பிடித்துப் போனார்கள். வீட்டுக்காரம்மா பாக்கியம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்க சார்! கூட யாரு, தங்கச்சியா? வெயில்ல கறுத்துப்போய் வந்திருக்கீங்க, மோர் தரட்டா?"

திரவியத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குருவைப் பெருமையாகப் பார்த்தார்.

"இவங்களுக்கு ரூமைக் காட்டலாமா?" என்றார்.

"சாயங்காலம் பாருங்க சார். உள்ள இருந்தவர் காலையில தவறிட்டார். நல்ல மனுஷன், பாவம். வண்டிக்குச் சொல்லியிருக்கோம். கழுவி விட்டுட்டு சாவி தந்துடறேன்."

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கட்டிலில் போர்த்திய உடம்பு. பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிகிற வாசம். திரவியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் ஒரு சாவு என்றால் பிணம் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பகையாளி வீடானாலும் எரியாது.

"என்னம்மா இது, தெருவே சமைக்குது?"

"அழ ஆள் இருந்தா நாங்களும் பத்தவைக்க மாட்டோம் சார். இவருக்கு யாரு இருக்கா? யாருக்காகப் பட்டினி கிடக்கிறது?"

"எத்தனை வருஷமா இங்க இருந்தார்?" நாச்சியார் கேட்டாள்.

"அது ஆச்சு, பதினோரு வருஷம். கலகலன்னு பேசுவார். தெருவுல அவர்கிட்ட பேசாத ஆளே கிடையாது."

பாக்கியம் மோர் எடுக்க உள்ளே போனாள். திரவியம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஊர் வேண்டாம்மா. இவங்க மனுஷங்களே இல்ல. வேற ஊர் சொல்லுங்க. மனுஷங்க இருக்கிற ஊரா."

நாச்சியார் அந்த ஒருக்களித்த கதவைப் பார்த்தாள்.

"போன வாரம் இதே ரூமை வந்து பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்."

"அப்ப அவர் எங்க இருந்தார்?"

"உள்ளதான். படுத்திருந்தார். உடம்பு முடியல, சீக்கிரம் காலியாயிடும்னு அந்தம்மா சொன்னாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என் கட்டில் உள்ள நுழையுமான்னு பார்த்தேன்."

"ஊரை விடுங்க. அவர் பேர் என்ன?"

திரவியம் தெருவைப் பார்த்தார். கேட்கலாம் என்றால் எந்த வாசலிலும் ஆள் இல்லை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.