முதல் வாடிக்கையாளர்

திருச்சியில் மழை விடாத ஒரு நாள், முதலாளி திருவேங்கடம் ஆபீசையே எழவு வீடாக்கிவிட்டார். சின்னக் கடைகளுக்கு ஃபேஸ்புக் பதிவு எழுதும் ஏஐ ஒன்றை ஊழியர்களை வைத்துச் செய்து முடித்திருந்தார்.

"கடை பேரைத் தட்டினா போதும், மீதியை அதுவே எழுதிடும். இனி நீங்க எதுக்கு? அது முழிக்கிற மாதிரி ஒரு கடையைக் காட்டுங்க. இல்லேன்னா எல்லாரும் இன்னையோட நடையைக் கட்டுங்க."

பதிவுகளைச் சரிபார்க்கும் ஜெசிந்தா மதியம் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தாள். "மாசிலாமணி வாடகை நிலையம், சார். என்ன கடைன்னு கேட்டுக்கிறீங்களா?"

"தேவையே இல்லை!" என்று முதலாளி கடைப் பேரைத் தட்டினார். 'குடும்பத்தோடு வாங்க! அடிக்கடி வாங்க! அடுத்த முறை பாதி வாடகை!' என்று வந்து விழுந்தது. "முழிச்சுதா பாத்தியா?"

"இல்லைங்க சார். இந்தப் பதிவுல முதல் வாடிக்கையாளரா உங்க பேரும் படமும் போட்டுடவா?"

"தாராளமா!"

போட்டுவிட்டு மாசிலாமணி பக்கம் திரும்பினாள். "அண்ணே, என்ன வாடகைக்கு விடுறீங்க?"

"பொணம் வைக்கிற ஐஸ் பெட்டிம்மா."

திருவேங்கடத்தின் போன் அடித்தது. பதிவைப் பார்த்த ஸ்ரீரங்கத்துச் சித்தப்பாவுக்கு மாசிலாமணியின் தொழில் தெரியும். அழுதுகொண்டே கேட்டார்: "எப்ப எடுக்கிறீங்க?"

"இனிமே கடைக்காரரைக் கேட்டுட்டு எழுதுங்க. போய் வேலையைப் பாருங்க" என்றார் முதலாளி, ஈனக் குரலில்.

மாசிலாமணி குடையை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கினார்.

"யோவ், போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போய்யா!" என்றார் முதலாளி.

அவர் நின்றார். "சொல்லலாங்க. நான் வரேன்னு சொன்னா எந்த வீட்டுலங்க சந்தோஷப்படுவாங்க?"