கயிறு யார் கையில்?

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். பாண்டியர்கள் ஆண்ட காலத்தில், தென்கடல் ஓரத்துப் பட்டினம் ஒன்றில் அம்பலவாணர் என்றொரு முத்து வணிகர் இருந்தார். அவருடைய தோணிகளில் முத்துக் குளித்தவர்களில் சேந்தனுக்கு ஈடு சேந்தன்தான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் குதித்தால், மேலே அதைப் பிடிப்பவன் அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். உடன்பிறந்தவள் தாலியல்லவா அந்தக் கையில் இருக்கிறது, கண் அசருவானா? சேந்தனுக்குக் கயிறு பிடித்தவன் அவன் மச்சான் கடம்பன்.

வணிகருக்கு இது கண்ணை உறுத்தியது. "குளிக்க ஒருவன், பிடிக்க ஒருவனா? தோணிக்கு வீண் சுமை," என்றார். மச்சான்மாரைக் கரையில் இறக்கிவிட்டு, மூன்று கயிற்றுக்கு ஓர் ஆள் என்று வைத்தார்.

அன்றைக்கே, மேலே இழுக்கச் சொல்லி மூன்று கயிறும் ஒன்றாக ஆடின. பாவம், அந்த ஆள் எதை இழுப்பான்? சேந்தன் மேலே வந்தபோது மூக்கெல்லாம் ரத்தம். அவன் சண்டை போடவில்லை. கூடையை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

இரட்டைக் கூலி என்று வணிகர் ஆள் அனுப்பினார். "கயிறு யாரு கையில?" என்று கேட்டான் சேந்தன். பட்டு வேட்டி அனுப்பினார். "கயிறு யாரு கையில?" பொன் காப்போடு அவரே வந்தார். குளிப்புக் காலம் தவறினால் ஆண்டு முழுதும் அரை வயிறுதான். ஆனாலும் அவன் அதையேதான் கேட்டான்.

"கஞ்சியோ கூழோ, உசுரோட இருக்கிற ஆளோட குடிச்சுக்கிறோம் ஐயா," என்று அவன் மனைவி நாச்சி காப்பைத் திருப்பிக் கொடுத்தாள். பசித்த வீட்டில் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். அவர்களைப் பார்த்து முத்துக் குளிக்கும் மற்றவர்களும் வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டார்கள். தோணிகள் மணலில் கிடந்தன.

வணிகருக்குக் கோபம் தலைக்கேறியது. "மூழ்குவது பெரிய வித்தையா? நானே குதிக்கிறேன்," என்று தோணி ஏறினார். வேடிக்கை பார்க்க ஊரே பின்னால் தோணிகளில் போனது.

"முறை உங்க முறைதானே ஐயா," என்று பணிவாகச் சொல்லி, அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினான் உடன் வந்த சேந்தன். வேறு இரண்டு கயிறுகளில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். மூன்று கயிறும் ஒரே ஆள் கையில். வணிகர் கீழே பார்த்தார், அடி தெரியவில்லை. திரும்பிக் கயிற்றுக்காரனைப் பார்த்தார். அவனோ இன்னொரு கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றார் வணிகர் மெல்ல. "என் மைத்துனரைக் கூட்டி வாருங்கள்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஊரே சிரித்தது, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். கயிற்றை அவிழ்த்து, கடம்பனைத் தேடிப்போய் அவன் கையில் கொடுத்தார். மறுநாள் சேந்தன் ஒன்றும் கேட்கவில்லை, குதித்தான்.

உயிருக்குக் காவல் இல்லாத இடத்தில், பொன்னைக் கொட்டினாலும் நல்ல வேலையாள் நிற்கமாட்டான்.