மைத்துனன் வீட்டில் அடைந்த கோழிகள்

கெம்பீர ராயர் என்றொரு ராஜா இருந்தார். நாடு சின்னது, மைத்துனன் பெரியவன். அந்த மைத்துனன் மல்லப்பன்தான் கோட்டைக் காவல் தலைவன். அவன் காவலில் ஊருக்குள் வெளித் திருடன் ஒருவன்கூட வந்ததில்லை. வந்தாலும் அவனுக்கு மிச்சம் எதுவும் இருந்திருக்காது.

ஒருநாள் சபைக்கு வீராயி வந்தாள். கோட்டை வாசலில் முட்டை விற்றுப் பிழைப்பவள்.

"மகராசா, மக பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா என் கோழி ஒண்ணையும் காணோம். எல்லாம் காவல் தலைவர் வீட்டுக் கொல்லையில மேயுது. அதை வெச்சுத்தான் எனக்குக் கஞ்சி!"

மல்லப்பன் அசரவில்லை. "முட்டையிலிருந்து நான் வளர்த்த கோழிகள் மாமா. இவள் கண் வைத்துவிட்டாள்."

சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. காவல் தலைவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு எந்த ஊரில் குடியிருப்பது?

ராஜா மீசையைத் தடவினார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அது அடிக்கடி நடப்பதில்லை.

"சாயங்காலம் கோழிகளைத் தெருவில் விடுங்கள். எந்த வீட்டுக்குப் போய் அடைகின்றனவோ, அந்த வீட்டுக் கோழிகள் அவை."

சபையே "ஆகா!" என்றது. விகடகவி கூத்தபிரான் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தான்.

அந்தி சாய்ந்தது. கோழிகளை விட்டார்கள். அவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேராக மல்லப்பன் வீட்டுக் கூட்டில் போய் அடைந்தன.

வீராயி மண்ணை வாரித் தூற்றினாள். "அட துரோகிங்களா! உங்களுக்கா நான் நொய்யி வாங்கிப் போட்டேன்?"

ராஜாங்க உறவினர்மேல் பொய்ப் பிராது கொடுத்தால் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். "நாளை இருட்டுவதற்குள் கிளம்பிவிடு" என்றார் ராஜா. அவளுக்குக் கோழியும் போயிற்று, குடிசையும் போயிற்று.

கூத்தபிரான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "உன்னிடம் ஒரு கோழிகூட இல்லையா அம்மா?"

"ஒரு நொண்டிப் பெட்டை இருக்கு சாமி. காலு ஒடிஞ்சிருந்துச்சு. மஞ்சப் பத்து போட்டு, பஞ்சாரக் கூடைக்குள்ள கவுத்து, பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனேன். அதனால தப்பிச்சுது. நாட்டாமைன்னு பேரு."

"ஏன் அந்தப் பேர்?"

"அது சொன்னாத்தான் மத்தது கேக்கும்."

கூத்தபிரான் ராஜாவிடம் போனான். "மகாராஜா, கோழியை ஓரிடத்தில் அடைத்துவைத்தால் கொஞ்ச நாளில் அதையே வீடு என்று நினைத்துக்கொள்ளும். என் வீட்டிலும் கோழி இருக்கிறது. வீடு மறக்கும், கூட்டாளியை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நாளை அந்திக்கு மல்லப்பர் வீட்டுக்கு எழுந்தருள வேண்டும்."

மறுநாள் கோழி அடையும் நேரம். மல்லப்பன் கொல்லையில் ராஜா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட்டுக்குள் மேலும் கீழுமாகக் கழிகள் கட்டப்பட்டிருந்தன. உச்சிக் கழியில் ஒரு சிவப்புச் சேவல். மற்றவை தகுதிப்படி கீழே. ஏறக்குறைய ராஜாவின் சபைதான்.

கூத்தபிரான் முதலில் அரண்மனை மடைப்பள்ளிக் கோழி ஒன்றை உள்ளே விட்டான். நெய்ச்சோறு தின்ற கோழி. அது ஒரு கழியில் கால் வைத்ததுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் அதன் மண்டையைக் கொத்தியது. இறகு பறந்தது. பாதி வாலோடு வெளியே ஓடிவந்தது.

மல்லப்பன் மார்தட்டினான். "பார்த்தீர்களா மாமா! என் கோழிகள் அந்நியரை அண்டவிடாது. ராஜா வீட்டுக் கோழியானாலும் சரி!"

"தெரியாத கோழி என்றால் கொத்தும், அப்படித்தானே?" என்றான் கூத்தபிரான்.

"சந்தேகமென்ன? கொன்றே போடும்!"

"சபையோர் கேட்டுக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு, கூத்தபிரான் நாட்டாமையை இறக்கிவிட்டான்.

அது நொண்டி நொண்டி உள்ளே போனது. ஒரு கோழியும் கொத்தவில்லை. நாட்டாமை ஒரு கழி ஏறியது, அங்கிருந்தவை ஒதுங்கின. அடுத்த கழி ஏறியது, அங்கேயும் ஒதுங்கின. உச்சிக் கழிக்குப் போய்ச் சேவலை ஒரு பார்வை பார்த்தது. சேவல் நகர்ந்து இடம் விட்டது. புள்ளிப் பெட்டை ஒன்று கீழிருந்து பறந்து வந்து, நாட்டாமையின் இறக்கையோடு ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

வீராயி வாய்விட்டு அழுதாள். "அதுங்க ரெண்டும் எப்பவுமே அப்படித்தான் தூங்கும் மகராசா!"

"நொண்டி என்று இரக்கப்பட்டிருக்கும்" என்றான் மல்லப்பன்.

"வால் போன கோழிக்கு ஏன் இரக்கம் கிடைக்கவில்லை?" என்றார் ராஜா.

கோழிகள் வீராயிக்கே என்று தீர்ப்பானது. ஊரைவிட்டுப் போகும் தண்டனையும் ரத்தானது. மல்லப்பனே கூடையில் சுமந்து போய் அவள் குடிசையில் இறக்கிவிட்டு வர வேண்டும் என்பது உத்தரவு. வழியெல்லாம் நாட்டாமை அவன் காதைக் கொத்திக்கொண்டே போனது.

மறுநாள் காலை, சபையில் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கூத்தபிரான், புதுக் கோழியை இந்த அடி அடிக்கின்றனவே. அப்புறம் கூட்டத்தில் புதிதாக ஒன்றை எப்படித்தான் சேர்ப்பது?"

"சுலபம் மகாராஜா. பகலில் கொண்டுபோகக் கூடாது. நன்றாக இருட்டியபிறகு சத்தமில்லாமல் தூக்கிப்போய் மற்றவற்றுக்கு நடுவே கழியில் உட்கார வைத்துவிட வேண்டும். விடிந்ததும் மற்றவை பார்க்கும். 'இது நேற்றும் இங்கேதான் இருந்தது போல' என்று பேசாமல் இருந்துவிடும்."

"கோழிகள் அவ்வளவு மடையர்களா?"

"கோழிகளை மட்டும் சொல்லக் கூடாது மகாராஜா. மல்லப்பர் காவல் தலைவராக வந்து உட்கார்ந்த அன்று காலை, நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை."

ராஜா கூத்தபிரானைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டுவிட்டு, மல்லப்பனைப் பதவியிலிருந்து இறக்கினார்.

பட்டப்பகலில்தான்.