ஆயிரத்து ஒன்பதாவது இலை

ஏழு தலைமுறைக்கு முன்னால் குவளைக்கோட்டை நாட்டை ஆதவவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அறுவடை விருந்தில் பந்தி கோணினால் அவருக்குச் சோறு இறங்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், எல்லா வரிசையிலும் ஒரே அளவு இலை விழ வேண்டும்.

பந்திப் பொறுப்பு அழகம்மைக்கு. அரண்மனைச் சமையற்கட்டே அவள் கையில்தான். போன வருஷம் அவள் போட்ட வரிசையில் மகிழ்ந்துபோன ராஜா, சபையில் அவளுக்கு ஓர் ஆசனம் கொடுத்துவிட்டார். அதனால் சபைக் கணிதர் மேகநாதரின் ஆசனம் நாலு சாண் பின்னால் போனது. நாலு சாண் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே குனிந்து அளந்து பார்த்தார். அன்றிலிருந்து அவள் வைத்த ரசம்கூட அவருக்குக் கசந்தது.

இந்த வருஷம் விருந்தாளிகளின் பெயர் எழுதும் வேலையை மேகநாதர் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் பெயரே அவருடையது. மூன்று நாள் சேர்த்தும் அடித்தும், கடைசியில் ஆயிரத்து ஒன்பது பேரில் நிறுத்தினார். வரிசை பிசகினால் அழகம்மை ஆசனத்தைவிட்டு இறங்கட்டும் என்று சபையில் சொல்ல, ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அழகம்மை ஆயிரத்து ஒன்பது புளியங்கொட்டையை எண்ணிக் கொட்டினாள். இரண்டிரண்டாக, மும்மூன்றாக, ஏழேழாகப் பிரித்தாள். எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழுந்தது. முப்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் வரிசை கூடினால் வரிசைக்குள் இலை குறையும், ஏற்கெனவே பார்த்ததுதான் திரும்பி வரும். ஒரே நீள வரிசையாகப் போட்டாலோ பந்தி ஆற்றில் போய் விழும். கொட்டையை வாரி வைத்துவிட்டு, பெயர் ஓலையை இன்னொரு தரம் பார்த்தாள்.

விருந்தன்று இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு இலை. நூல் பிடித்த மாதிரி இருந்தது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேகநாதர் மட்டும் நடந்து நடந்து இலைகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் குரலில் தேன் சொட்டியது.

"மன்னா, ஆயிரத்தெட்டு இலைதான் இருக்கிறது. ஒருவருக்கு இலை இல்லை."

ராஜாவின் முகம் சுருங்கியது. "என்னம்மா இது?"

"ஆயிரத்து ஒன்பதைச் சமமாப் பிரிக்கவே முடியாதுங்க ராஜா. கணிதர் ஐயாவுக்கு அது தெரியும், தெரிஞ்சுதான் மூணு நாள் தேடியிருக்கார். ஒருத்தரை எழுப்பியே ஆகணும். பசியோட வந்தவங்களை எழுப்ப மனசு வரல. ஐயா சாப்பிட வரலை, என் வரிசை கோணுறதைப் பார்க்க வந்தார். அதான் அவருக்கு இலை போடலை."

ராஜா திரும்பிப் பார்த்தார். மேகநாதர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோர்ச் செம்பை அவர் கையில் கொடுங்கள்" என்றார் ராஜா. சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றி அழகம்மையிடம் நீட்டினார். அதைப் பார்த்தபடியேதான் மேகநாதர் மோர் ஊற்ற ஆயிரத்தெட்டு முறை குனிந்து நிமிர்ந்தார்.

பந்தி முடிந்ததும் அழகம்மை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை போட்டாள்.

"உட்காருங்க ஐயா. ரெண்டு பேர், ஒரே வரிசை."

உட்கார்ந்தார். இரண்டு இலையிலும் இரண்டிரண்டு வடை. அவர் சாப்பிடத் தொடங்கவில்லை. அவள் இலையில் இருப்பது பெரிசா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.