புகார்த் தாளின் முதல் கேள்வி

மலைமேல் இருந்த அந்த விடுதிப் பள்ளியில் பிற்பகல் மூன்று மணிக்கே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். மேசைகள் மெல்ல மறையும். பிள்ளைகளின் குரல்கள் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வரும், யாருடையவை என்று தெரியாமல்.

பெண்கள் விடுதியின் வார்டன் சந்தனமேரிக்கு ஐம்பது வயது. கணினி அறையைக் கவனிக்கும் பூங்கோதைக்கு முப்பத்தாறு. இருந்தும் மேரி அவரைத்தான் குருவாக வைத்திருந்தார்.

அன்று மேகத்தோடு சேர்ந்து மேரியும் கணினி அறைக்குள் வந்தார்.

"டீச்சர், எட்டாவது படிக்கிற சுடர்விழி மூணு நாளா சரியாச் சாப்பிடல. ஃபோன் அதிர்ந்தாலே நடுங்குறா. ஆன்லைன்ல யாரோ மிரட்டுறாங்கன்னு தோணுது."

"அவ சொன்னாளா?"

"வாயே திறக்கல. ஃபோனை வாங்கிப் பார்த்தேன். வி.பி.என். போட்டு வச்சிருக்கா. நாம பூட்டின தளத்துக்கெல்லாம் அதுல ஒளிஞ்சு போயிருக்கா. இனிமே எந்தப் பிள்ளையும் அதைப் போட முடியாதபடி அடைச்சுடுங்க."

"போன மாசம் அடைச்சேன். ஒரு வாரம் தாங்குச்சு."

"இன்னும் கெட்டியா அடைங்க."

பூங்கோதை ஜன்னலைக் காட்டினார்.

"முதல்ல அதை அடைங்கக்கா."

மேரி ஜன்னலைச் சாத்தினார். மேகம் கதவின் அடி வழியாக வந்தது.

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர்."

"இந்த வருஷம் பிள்ளைங்ககிட்டேர்ந்து எத்தனை புகார் வந்திருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல."

சொல்லும்போது குரலில் சிறிய பெருமை இருந்தது.

"ஆன்லைன் தொல்லைக்குன்னு வச்சிருக்கீங்களே, அந்தப் புகார்த் தாள் ஒண்ணு கொடுங்க."

மேரி கோப்பிலிருந்து ஒன்றை உருவினார். பூங்கோதை அதை வாங்காமல் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"சுடர்விழியா இருந்து நிரப்புங்க."

மேரி உட்கார்ந்தார். பெயரை எழுதினார். வகுப்பை எழுதினார். அடுத்து, முதல் கேள்வி. 'தொல்லை நடந்த தளத்துக்குள் எப்படிச் சென்றாய்?'

பேனா நின்றது. அந்தக் கேள்வியை அச்சுக்குக் கொடுத்தவர் மேரிதான்.

"என்னக்கா?"

"வி.பி.என்.னு எழுதினா விடுதியை விட்டு அனுப்பணும். நம்ம விதி அது."

"வேற ஏதாவது எழுதுங்க."

"பொய்யாயிடும்."

"மிரட்டினவனைப் பத்தி எழுத எங்க இடம் விட்டிருக்கீங்க?"

மேரி தாளைத் திருப்பினார்.

"பின்பக்கம்."

தாளின் மேல் ஈரம் படிந்தது. எழுதிய பெயர் மெல்ல இளகியது. வெளியே ஒரு குரல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தூரமாகப் போனது.

"முதல் கேள்வியை எடுத்துட்டுப் புதுசா அச்சடிச்சுடறேன்."

"அடிங்க. வர நாலு நாளாகும்."

"அதுவரைக்கும்?"

பூங்கோதை பேனாவை வாங்கி மூடினார்.

"தாளை இங்கேயே வச்சுட்டு, வெறுங்கையோட போய் அவ பக்கத்துல உட்காருங்கக்கா."